நேர்காணலில் சித்தி வாய் திறந்தாள்

வீட்டில் அந்தப் பெண்ணுக்கு 'டிவி டாக்டர்' என்று பெயர். அதை நம்பி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வேலை செய்யாத ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உண்மையில் அவள் ஊடகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். தொடர் பார்ப்பவர்கள் திரையோடு ஏன் பேசுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அந்த எண்ணத்தை அவள் மண்டையில் ஏற்றியதே சித்திதான். வில்லி நுழைந்தால் போதும், "வாடி, வா! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று சித்தி சோபா நுனிக்கு வந்துவிடுவாள்.

ஆய்வேடு முடிந்தது, வேலைதான் கண்ணாமூச்சி காட்டியது. போன நேர்காணல்களில் எல்லாம் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இதுவும் போனால் மாமாவின் ஜெராக்ஸ் கடைதான் கதி.

இந்த முறை ஒரு கல்லூரி ஆசிரியர் வேலைக்கு, கணினி வழியாக நேர்காணல். அவளுடைய ஆய்வு நெறியாளர் படித்துப் படித்துச் சொன்னார்: "கதவைச் சாத்திக்கோம்மா. வீட்டு ஆளுங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது. என்ன நடந்தாலும் பேச்சை உன் ஆய்வுக்கு இழுத்துட்டு வந்துடு."

கதவைச் சாத்தினாள், சித்தியை உள்ளே வைத்துச் சாத்தினாள். ஒரு வாரமாகச் சித்தியை எதிரே உட்காரவைத்துத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த முகம் எதிரே இல்லாவிட்டால் பேச்சே வராது. "மூச்சு விட மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, கணினிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள் சித்தி.

திரையில் மூன்று பேர். துறைத்தலைவர் கேள்வி கேட்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.  வேலை கைநழுவுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஜனங்க நிஜமாவே திரையைப் பாத்துப் பேசறாங்களா? எனக்கு நம்பிக்கையில்ல. ஏன்னா..."

"ஏங்க, நீங்களே கேட்டு நீங்களே பதில் சொன்னா எங்க பொண்ணு எப்பத்தான் பேசுவா?"

சித்தி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன பிரயோசனம்? மூன்று முகங்களும் சிலையாகிவிட்டன.

 அப்போதுதான் அவளுக்கு நெறியாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. கணினியை அப்படியே சித்தி பக்கம் திருப்பினாள்.

"சார், இவங்க எங்க சித்தி. என் ஆய்வே இவங்கதான்."

துறைத்தலைவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. பிறகு அவள் பேசினாள். மடை திறந்ததுபோல் பேசினாள். யாரும் குறுக்கே வரவில்லை.

மறுவாரம், வேலை அவளுக்குத்தான் என்று போன் வந்தது. வீடே துள்ளிக் குதித்தது. அன்று மாலை தொடரில் வில்லி ஆட்டமாய் ஆடினாள். சித்தியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் பயந்துபோய்த் திரும்பினாள்.

"என்ன சித்தி, பேச்சையே காணோம்?"

சித்தி டிவியைப் பார்க்கவே இல்லை. கண் நிறைய இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா இருடி. நல்ல சீன் ஓடிட்டிருக்கு."