என்று சொன்னால் சரிதான்

சாட்சி தலையை ஆட்டியதும் தட்டச்சுச் சத்தம் நின்றுவிடுகிறது. டைப்பிஸ்டம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சாட்சியைப் பார்க்கிறார். "தலையாட்டுறது பேப்பர்ல ஏறாதுங்க. வாயால சொல்லுங்க." சாட்சி நீதிபதியைப் பார்க்கிறார். நீதிபதி மின்விசிறியைப் பார்க்கிறார். பத்தொன்பது வருடத்தில் இந்த அறைக்கு எத்தனையோ நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள். இந்த ஒரு விஷயத்தில் டைப்பிஸ்டம்மா வைத்ததுதான் சட்டம். சாட்சி வாயைத் திறந்து "ஆமாங்க" என்ற பிறகுதான் விரல்கள் மறுபடி விசைகளில் இறங்குகின்றன.

ஆள் உயரம் குறைவு. நீதிமன்றம் கொடுத்த நாற்காலியோ யாரோ ஒரு நெட்டை மனிதருக்காகச் செய்தது. அதனால் காலாவதியான இரண்டு தடித்த சட்டப் புத்தகங்களைப் போட்டு, அதன்மேல் ஒரு பஞ்சுத் திண்டை வைத்து உட்கார்ந்திருக்கிறார். "சட்டத்து மேலயே உக்காந்திருக்கேன், பாருங்க. இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?" என்று கேட்பார். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம், வளையல் எதுவும் மணிக்கட்டுக்குக் கீழே கிடையாது. சத்தம் சாட்சியம் கேட்பதைக் கெடுக்குமாம். ஒருமுறை ஒரு பெரிய வக்கீல், சாட்சி சொன்ன "அடிச்சான்" என்பதைத் "தாக்கினான்" என்று போடச் சொன்னார். வழக்குக்கு அது கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு ஆசை. டைப்பிஸ்டம்மா அசையவில்லை. "அடிச்சதைத்தான் சார் அவரு பார்த்தாரு. தாக்கினதைப் பார்க்கலை." அந்த வக்கீல் இன்றுவரை அவரிடம் வணக்கம் மட்டும்தான் சொல்கிறார்.

குறுக்கு விசாரணையை எழுத நீதிமன்றத்தில் ஒரு வாய்பாடு உண்டு. "நீ அந்த இடத்துலயே இல்ல" என்று வக்கீல் மிரட்டுவார். சாட்சி மறுத்தால், "நான் அந்த இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று தாளில் ஏறும். ஒப்புக்கொண்டால் "என்று சொன்னால் சரிதான்." ஒரு நாளைக்கு இருநூறு முறை இதைத் தட்டித் தட்டி, டைப்பிஸ்டம்மாவுக்கு அது ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பதில் இப்படித்தான் வரும்: "சர்க்கரை கம்மின்னு சொன்னா சரிதான். நான் மறந்துட்டேன்னு சொன்னா சரியில்ல. டாக்டர் சொல்லியிருக்காரு." இளம் வக்கீல்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சரிதான் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கட்டுக் கட்டாகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு எந்த அறைக்குள்ளும் ஓசைப்படாமல் நுழைந்து, ஓசைப்படாமல் வெளியேறத் தெரிந்த மனிதர். நீதிமன்ற வராந்தாவில் ஆரம்பித்த பழக்கம், கல்யாணத்தில் முடிந்தது. இரண்டு பேருக்கும் சட்டம்தான் சோறு போடுகிறது; ஆனால் இரண்டு பேரும் சட்டம் படித்ததில்லை. குமாஸ்தாவுக்கு அதில் குறையொன்றும் இல்லை. டைப்பிஸ்டம்மாவுக்கு உண்டு. கேட்க வேண்டிய கேள்வியை வக்கீல் கேட்காமல் உட்கார்ந்துவிடும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு அடைக்கும். "அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில நிக்குது. ஆனா அந்த ரூம்ல எனக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது" என்பார்.

அந்த வாயை வாங்கிவிடுவது என்று இந்த வருடம் முடிவு செய்துவிட்டார். மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து முடிந்தவர்களைச் சேர்ப்பதில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்றதுக்கு எங்கிட்ட வருஷம் மிச்சம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஆறு பக்கத்தையும் ஒரே பிற்பகலில் நிரப்பினார். பதினேழாவது கட்டத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. 'முன்னர் ஈடுபட்ட அரசியல், சமூகச் செயல்பாடுகள், இருப்பின்' என்று அச்சடித்து, இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

இருந்தது. இரண்டு விரல் அகலத்தில் அடங்காத அளவுக்கு இருந்தது.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. தட்டச்சுப் பள்ளியில் கடைசி நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு துணி ஆலையில் தையல் பிரிவில் இருந்தாள். முந்நூறு பெண்கள் வேலை செய்யும் கூடம்; வேலை நேரம் முழுக்க வெளியிலிருந்து பூட்டு. துணி வெளியே போய்விடக் கூடாதாம். ஒருநாள் மூலையில் கிடந்த கழிவுப் பஞ்சில் தீப்பிடித்தது. சாவி வைத்திருந்தவர் எங்கேயோ போயிருந்தார். கதவு திறக்க இருபது நிமிடம் ஆனது. நல்லவேளை, உயிர் ஒன்றும் போகவில்லை. அக்கா உட்பட நாற்பது பேர் புகையில் மயங்கிக் கிடந்தார்கள். நிர்வாகம் மறுநாளே நடவடிக்கை எடுத்தது. பழைய பூட்டை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய பூட்டாகப் போட்டது.

தங்கைக்குத் தெரிந்தது ஒரே வித்தை. தட்டச்சுப் பள்ளி இயந்திரத்தில் உட்கார்ந்து 'பூட்டைத் திற' என்று ஒரு துண்டறிக்கை அடித்தார். அதைப் பிரதியெடுத்து, தொழிற்சங்கத்துக்காரர்களே தயங்கி நின்ற வாசலில் நின்று விநியோகித்தார். நான்காம் நாள் முந்நூறு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நாற்சந்தியில் உட்கார வைத்தார். அந்த இயந்திரத்தில் 'ழ' மட்டும் அரை வரி மேலே குதிக்கும். துண்டறிக்கையில் 'தொழிலாளி' வருகிற இடமெல்லாம் அது குதித்திருந்தது. போலீசுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒன்பது நாள் காவலில் இருந்தார். ஒரு வருடம் இழுத்த வழக்கை அரசாங்கமே திரும்பப் பெற்றுக்கொண்டது. "என்னை ஒம்பது நாள்ல விட்டுட்டாங்க. மெஷினைத்தான் கடைசி வரைக்கும் தரலை" என்பார். ஆனால் பூட்டை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கதவு வேலை நேரத்தில் திறந்தேதான் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் டைப்பிஸ்டம்மா எழுந்து நின்றாவது பார்த்துவிடுவார்.

குமாஸ்தா விண்ணப்பத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "தண்டனை உண்டான்னு கேட்டதுக்கு இல்லன்னு எழுதியிருக்க. அது சுத்தமான உண்மை. இதை ஏன் தொடற? 'இருப்பின்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கான் பாரு, அது சும்மா போடலை. அது ஒரு கதவு. அது வழியா சத்தமில்லாம வெளிய வந்துடு."

"கதவைப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?"

குமாஸ்தா சிரிக்கவில்லை. அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. சேர்க்கைக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மறியல் வழக்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சட்டத்தில் எவ்வளவு தண்டனைக்கு இடமிருக்கிறதோ அவ்வளவும் கொடுத்துவிடுவார். அந்தத் தீர்ப்புகளை நான்கு வருடம் தட்டியவரே டைப்பிஸ்டம்மாதான். 'சாலை என்பது நடப்பதற்கு, உட்காருவதற்கல்ல' என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். "அவரு முன்னாடி போயி, நான் ரோட்டுல உக்காந்தவன்னு சொல்லப் போறியா? இந்த ஒரு வருஷம்தான் இருக்குன்னு நீயே சொல்ற. சீட்டு போச்சுன்னா போச்சு. ஆயுசுக்கும் அடுத்தவங்க பேசறதைத்தான் தட்டிக்கிட்டு இருக்கணும்."

அது அவரைத் தைத்தது. இரண்டு நாள் விண்ணப்பத்தைத் தொடவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோதும் இப்படி ஒரு தாளில் 'இல்லை' என்று எழுதித்தான் உள்ளே வந்தார். அன்றைக்குக் கேட்டது தண்டனை மட்டும். அந்த 'இல்லை'யில் பொய் கிடையாது. ஆனாலும் அக்காவின் பெயரைக் கேட்டு, அப்படி யாரும் இல்லை என்று சொன்ன மாதிரி அது பத்தொன்பது வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தாளோ பெயர் சொல்லியே கேட்கிறது. கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் தொழிலுக்கே ஆகாத காரியம்.

மூன்றாம் நாள் எழுதினார். கட்டம் போதாததால் தனித்தாளில் எழுதி இணைத்தார். எழுதியதை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா இப்போது வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாங்கிப் படித்தாள். இப்படி இருந்தது: 'நான் சாலை மறியலில் கலந்துகொண்டேன் என்று சொன்னால் சரிதான். துண்டறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்தான் என்று சொன்னால் சரிதான். அதற்காக நான் வருந்துகிறேன் என்று சொன்னால் சரியல்ல.'

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்புறம் சட்டென்று முகம் மாறியது.

"ஏண்டி, உன்னை யாரு கூண்டுல ஏத்தினா?"

"ஏன், எல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா ஒத்துக்கற மாதிரி எழுதியிருக்க. திருடினவ ஒத்துக்கற மாதிரி. எதிர்ல வக்கீல் எவனாச்சும் நிக்கிறானா? நீ என்ன தப்பு பண்ணிட்டு வந்து நிக்கிற? அந்தக் கதவுக்குள்ள இருந்தவ நான். அன்னைக்கு நீ ரோட்டுல முன்னாடி உக்காந்திருந்ததை நினைச்சா எனக்கு இன்னைக்கும் நெஞ்சு நிமிரும். நீ என்னடான்னா சரிதான், சரியில்லன்னு மென்னு முழுங்கற. 'நான்'னு ஆரம்பி, 'பண்ணேன்'னு முடி. நடுவுல வேற யாரையும் பேச விடாத."

டைப்பிஸ்டம்மா தாளை வாங்கித் திரும்பப் படித்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான பேருடைய வாக்குமூலத்தை எழுத்துப் பிசகாமல் தட்டியவர், தன்னுடையதைக்கூட எதிர்த்தரப்பு வக்கீலின் வாயால் எழுதியிருக்கிறார். அங்கேயே, தையல் மேசையின் ஓரத்தில், துணி வெட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். வாய்பாடு இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பது அவ்வளவு கஷ்டம் என்று அவர் நினைத்ததே இல்லை. நாலு தடவை 'என்று' வரை வந்துவிட்டு, அதைக் கோடு போட்டு அடித்தார். ஐந்தாவது தடவை வந்தது.

'என் இருபத்திரண்டாம் வயதில், பூட்டிய கதவுக்குள் வேலை செய்த முந்நூறு பெண்களுக்காகத் துண்டறிக்கை எழுதினேன். அவர்களுக்கு முன்னால் நடந்து போய்ச் சாலையில் உட்கார்ந்தேன். ஒன்பது நாள் காவலில் இருந்தேன். கதவு திறந்தது.'

"இப்பப் படி" என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு மறுபடியும் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள். அன்று மாலை குமாஸ்தாவும் படித்தார். நெற்றியைத் தேய்த்தார். "மாத்துன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றும் சொன்னார். மறுநாள் தானே கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்.

போன வாரம் நேர்காணல். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் பழைய நீதிபதி. இரண்டு பேராசிரியர்களும் வேலை, வயது, மாலை நேரத்தில் வர முடியுமா என்றெல்லாம் கேட்டு முடித்தார்கள். நீதிபதி மட்டும் இணைப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடம் தன் பக்கத்தில் உட்கார்ந்து தன் தீர்ப்புகளைத் தட்டிய பெண்ணை, இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

"என் தீர்ப்பையெல்லாம் நீங்கதானே அம்மா தட்டினீங்க?"

"ஆமாங்கய்யா. ஒரு எழுத்து மாத்தலை."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அப்ப நீங்க என்னைக் கேக்கலைங்கய்யா. இந்தத் தாள் கேட்டுச்சு."

பேராசிரியர்களில் ஒருவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சங்கடப்பட்டார். அவருக்கு இந்தப் பெண்ணின் வேலைமீது மரியாதை உண்டு. உதவி செய்யவே விரும்பினார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம். குரலைத் தாழ்த்தினார்.

"இதுல உங்க கையெழுத்து இல்லையே அம்மா. விண்ணப்பத்துல இருக்கு, இணைப்புல இல்ல. கையெழுத்து இல்லாத தாளை நாங்க பார்க்கணும்னு கட்டாயம் இல்ல. வேணும்னா நீங்க இதை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். மத்ததை வச்சு முடிவு பண்ணிக்கறோம்." தாளை மேசைமேல் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

டைப்பிஸ்டம்மாவுக்கு முகம் சிவந்தது. கையெழுத்தில்லாத ஒரு பக்கத்தையும் பத்தொன்பது வருடத்தில் கோப்புக்குள் போக விட்டதில்லை அவர். அக்கா வீட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் தன்னுடையதில் விட்டுவிட்டிருக்கிறார். தாள் முன்னால் கிடந்தது. அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டால் சீட்டு ஏறக்குறைய கையில். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"பேனா தர்றீங்களாங்கய்யா?"

நீதிபதி தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். டைப்பிஸ்டம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்து, தாளின் அடியில் தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டு, தேதியும் எழுதினார். மை காயட்டும் என்று ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு அந்தத் தாளை எடுத்து, மற்ற ஆறு பக்கங்களுக்கும் மேலாக வைத்து, கட்டை நீதிபதி பக்கம் திருப்பி வைத்தார்.