தாரா தேவியின் முழங்கால்

"தாய் ஆஸ்பத்திரியிலை துடைக்கிறா, மகள் மியூசியத்திலை துடைக்கப் போறாவாம். இதுக்கோ பிள்ளை இவ்வளவு படிச்சனீர்?" என்று நோர்வேயில், ஹொல்ம்லியா போகும் ரயிலில், ஒரு தமிழ் மாமா கேட்டார். சிரித்து வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பழைய கலைப்பொருள்களைப் பாதுகாக்கும் இந்தப் படிப்பு நானே தெரிந்தெடுத்தது.

அருங்காட்சியகத்தில் ஆறு மாதப் பயிற்சி. ஒழுங்காக முடித்தால்தான் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம். என் மேசைக்கு வந்தது நேபாளத்து மரச்சிற்பம்: பௌத்தர்கள் வணங்கும் பச்சைத் தாரா தேவி, ஒரு முழ உயரம். இடது காலை மடித்து, வலது காலை எழுந்து வரப்போகிறவள் போலக் கீழே நீட்டியிருந்தாள். நிறத்தின் மேல் விளக்குப் புகை படிந்திருந்தது.

குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, அந்த ஈரத்தால் துடைக்க வேண்டும் என்று என் பொறுப்பாளரான நோர்வேப் பெண்மணி செய்து காட்டினார். இது இந்தத் தொழிலில் பழைய வழக்கமாம். எனக்குக் கை ஓடவில்லை. படைக்கிற பொங்கலை உப்புப் பார்க்கக்கூட வாயில் வைக்காத வீடு எங்களுடையது. அம்மனுக்கு எச்சிலா? அவர் கோப்பி குடிக்கப் போன நேரம் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்தேன். முழங்காலோரம் கடுகளவு பச்சை நிறம் பஞ்சோடு வந்துவிட்டது.

அன்று அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார்.

"சின்னனிலை உன்ரை முகத்திலை சொதி காய்ஞ்சு கிடந்தால் நான் என்னத்தாலை துடைச்சனான்? துப்பலைத் தொட்டுத்தானே. உனக்குச் சரி, அவவுக்குக் கூடாதோ? முதல்லை போய் உண்மையைச் சொல்லு."

மறுநாள் சொன்னேன். பொறுப்பாளர் உருப்பெருக்கியை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பயிற்சி அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

"பசையில் குழைத்த நிறம். ஈரம் கூடினால் கரையும். அறிக்கையில் இதை நீயே எழுது" என்றார். பிறகு புதுக் குச்சியொன்றை என்னிடமே நீட்டினார்.

நாக்கில் தொட்டேன். "கோவியாதேங்கோ அம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தாராவின் கன்னத்தில் உருட்டினேன். புகைக்கு அடியிலிருந்து இளம்பச்சை தெரிந்தது.

உண்மையைச் சொல்ல அனுப்பிய அம்மாவுக்கும், கேட்ட பிறகும் குச்சியை என் கையில் தந்தவருக்கும் நான் என்றும் நன்றியுடையவள். பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. மேற்படிப்புக்கான விண்ணப்பத்தோடு, நான் செய்த வேலைகளின் படங்களும் கேட்டிருந்தார்கள். சுத்தமான அந்த முகத்தின் படத்தோடு, நிறம் போன முழங்காலின் படத்தையும் வைத்து, போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டேன்.