மாப்பிள்ளைக்கு ஊட்டிய ஈரல் வறுவல்

என் மருமகன் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குடிப்பழக்கமே இல்லாதவருக்கு வயிறு பானைபோல் வீங்கி, ரத்த வாந்தியும் வந்தது. ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் அடைத்திருந்தன. அவற்றின் அமைப்பே கோணலாம். அதனால் ஆபரேஷன் செய்து, ஈரலுக்குப் போகிற ரத்தத்தை வேறு குழாயில் திருப்பிவிட்டார்கள். கறி, முட்டை கூடாது என்றார்கள்.

எனக்குப் பொறுக்குமா? கெட்டது ஈரல், ஆட்டு ஈரல் தின்றால்தானே தேறும்? மகள் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து மூன்று நாள் வறுத்துக் கொடுத்தேன்.

"சாப்டுங்க மாப்ளே. உங்க ஊட்டுக்காரிகிட்ட மூச்சு உடாதீங்க."

நாலாம் நாள் சட்டையைக் காலில் மாட்டப் பார்த்தார். என் முகம் பார்த்தே பேசாதவர், என்னைப் பார்த்து "இன்னாடி, ரயிலு வந்துச்சா?" என்றார்.

"மாப்ளைக்கும் குசும்பு வந்துகிச்சுடி" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். சாயங்காலம் எழுப்பினால் அவர் கண்ணே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "ரத்தம் இப்ப ஈரல்ல சுத்தமாகாமப் போகுதும்மா. கறி செரிக்கும்போது உண்டாகுற நஞ்சு மூளைக்கு ஏறிடுச்சு" என்றார் டாக்டர்.

இரண்டு நாளில் மருமகன் தெளிந்தார். "இன்னா அத்தே, இன்னிக்கு வறுவல் இல்லியா?" என்று கேட்டார். மகள்கூடச் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது நோயாளிக்குச் சமைக்குமுன், டாக்டர் சீட்டைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். சாதுவான ஆள் திடீரென்று கேலி பேசினால், சிரிக்குமுன் அவர் கண்ணைப் பார்க்கிறேன்.