ஜெயசீலன் அண்ணன் சிரித்த சிரிப்பு

செய்தி வந்தபோது நான் ஹப்சிகுடா சிக்னலில் ஒரு ஆட்டோவுக்குள் இருந்தேன். ஜெயசீலன் அண்ணனின் மகள் ஷீலா அழைத்தாள். "ஆன்ட்டி, டாடி போயிட்டார்" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது. "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "யார் வரணும்? ஹார்ட் அட்டாக், ஆன்ட்டி. காலைல பல் தேச்சிட்டு இருந்தார், அப்படியே உக்காந்துட்டார்" என்றாள். அப்பாடா என்று எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. சாவுச் செய்திக்கு அப்பாடா என்றவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

செகந்திராபாத் தமிழ்ச் சபையில் அவரோடு பாடியவர்களும், பாலாநகர் ஸ்டூடியோவில் அவரோடு குரல் கொடுத்தவர்களுமான நீங்கள் எல்லோரும் அடக்க நாளில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்: நல்ல மனுஷன், ஆனால் சிரிக்கவே மாட்டார். போதகரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் கீற வரைக்கும் வாயத் தொறக்காதே. போனப்பறம் உன் இஷ்டம்" என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது என் இஷ்டம். ஷீலாவிடம் முதலில் சொன்னேன். எழுதுங்கள் என்றாள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. கணவரின் கணினி வேலைக்காக ஹைதராபாத்துக்கு வந்து, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதத் தொடங்கினேன். எங்கள் ஸ்டூடியோ தெலுங்கோடு சேர்த்துத் தமிழையும் இங்கேயே முடித்துக் கொடுக்கும். தமிழ்க் குரலுக்கு ஆள் தேடி அலைந்தபோது அகப்பட்டவர் அண்ணன். பூர்வீகம் வேலூர்ப் பக்கம், தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத், ரயில்வே போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படத்தில், வைரத் திருடர்களைத் துரத்தும் போலீஸ்காரனுக்கு அவர் குரல் கொடுக்க வேண்டும். முதல் நாள் "ஆமாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், சர்வ கம்பீரமாக ஹைதராபாத் உருதுவில் "ஹவ்" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் விழுந்து புரண்டு சிரித்தோம். அவர் மட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அவருக்குத் தூசி ஆகாது என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அவர் வரும் நாளெல்லாம் அறையைத் துடைக்கச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்கினேன்.

படம் நன்றாக ஓடி இரண்டாம் பாகமும் வந்தது. அதில் வேலை பறிபோன அதே போலீஸ்காரன், தான் துரத்திய திருடர்களோடே சேர்ந்து வைரம் திருடக் கிளம்புகிறான். கதை வெளியே கசிந்துவிடும் என்று பயந்து, படக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கே படத்தைக் காட்டவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. பேசுகிறவனின் வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். கடைசிப் பகுதி வந்து சேரவும் இல்லை. அவன் உண்மையாகவே திருடர்களோடு சேர்ந்துவிட்டானா, சேர்ந்ததுபோல் நடித்து அவர்களைப் பிடிக்கப் போகிறானா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அண்ணன் விடவில்லை.

"நெஜமா சேந்துட்டானா, ஆக்டிங்கா? மொதல்ல அத்த சொல்லும்மா."

"தெரியாதுண்ணே. வாய் அசையுததுக்குப் பேசுங்க, போதும்."

"படத்துல கண்ணு தெரியாதது ஒரு வகைல நல்லதுதான். எதிர்ல கீறவன் கண்ணப் பாத்துட்டா பொய் சொல்ல வராது" என்றார். மனிதர் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. திருடர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது போலீஸ்காரன் வாய்விட்டுச் சிரிக்கிறான். முதல் பாகத்தில் அவன் உறுமினான், கத்தினான், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அண்ணன் வாயைத் திறப்பார், இருமல்தான் வரும். பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கிறார்கள் என்று அவர்கள் மேல் பழியைப் போட்டு, வேலையை மறுநாளுக்குத் தள்ளினோம். மறுநாளும் அதே கதை. வேறொருவரைச் சிரிக்க வைத்தோம், துளியும் ஒட்டவில்லை. ஆளையே மாற்றிவிடலாம் என்றால், முதல் பாகத்தின் குரல்தான் வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தது. கெடு நெருங்கிவிட்டது. "சிரிக்கத் தெரியாத மனுஷன் உலகத்துல உண்டா?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படாமல் என்னை எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

அங்கே அவர் சொன்னது இதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயிலில் பெண்களின் நகைகளைத் திருடும் ஒரு கூட்டம் யார் கையிலும் அகப்படாமல் இருந்தது. தலைவன் பெயர் ராஜாமணி, தமிழன். தமிழ் பேசும் போலீஸ்காரர் என்பதால் அண்ணனை மஃப்டியில் அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். அவர்களோடு தங்கினார், ஒரே தட்டில் சாப்பிட்டார். ராஜாமணி வேடிக்கையாகப் பேசுகிறவன். அண்ணனின் சிரிப்பு அவனுக்கு மிகவும் பிடித்துப்போய், அதைக் கேட்பதற்காகவே கதை கதையாக அவிழ்த்துவிடுவானாம். கூட்டம் முழுவதும் ஒன்றாகக் கூடும் ஒரு நாளில் போலீஸ் வீட்டைச் சுற்றி நின்றது. உள்ளே வரலாம் என்பதற்கு என்ன சைகை வைப்பது? அண்ணனின் சிரிப்பையே வைத்தார்கள். அன்று சாப்பாட்டின் நடுவே ராஜாமணி ஒரு கதை சொன்னான். அண்ணன் சிரித்தார். கதவு உடைந்தது.

"கோர்ட் வராந்தால வெலங்கோட நின்னுக்கினு சொன்னான்மா, 'இந்தச் சிரிப்பு எங்க கேட்டாலும் வந்து நிப்பேன்'னு. பேச்ச மாத்திக்கலாம். மீசைய எடுத்துடலாம். சிரிப்ப எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

"இப்ப அவன் எங்க இருக்கான்?"

"வெளிய வந்து வருஷமாச்சு. எங்க கீறான்னு தெரியாது. ஷீலா வேற கைக்கொழந்தயோட எங்கிட்ட வந்துட்டா."

அப்போதுதான் கவனித்தேன். டீக்கடையிலும் அவர் வாசலைப் பார்த்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோவிலும் அப்படித்தான், சபையிலும் அப்படித்தான். "நீங்க பேச வேண்டாம்ணே, கம்பெனிக்காரங்கிட்ட நான் சண்டை போட்டுக்கிடுதேன்" என்றேன்.

"நக்கோம்மா, சண்டையெல்லாம் வேணாம்" என்றார். "எத்தினி நாளைக்கு இருமினே இருக்கறது?"

திரும்பிப் போய் மைக் முன்னால் நின்று சிரித்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் மூச்சு முட்டி, அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கிளம்பும் சிரிப்பு. கேட்டவர்கள் எல்லோரும் கூடவே சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. படத்தில் தன் பெயர் வரக் கூடாது என்பது மட்டும்தான் அண்ணன் கேட்ட ஒரே சலுகை.

கடைசிப் பகுதி வந்தது. போலீஸ்காரன் ஆரம்பத்திலிருந்தே நடித்திருக்கிறான். திருடர்களைப் பிடித்துக் கொடுக்கிறான். விலங்கு பூட்டிய தலைவன் அவனிடம், "எல்லாமே பொய்யா?" என்று கேட்கிறான். பதில் இல்லை. போலீஸ்காரன் முதுகைக் காட்டி நிற்கிறான் என்று குறிப்பு மட்டும் இருந்தது. முதுகைக் கண்டால் எங்கள் தொழிலில் கொண்டாட்டம், வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் செருகலாம். மூலத்தில் இல்லாத எத்தனையோ நக்கல்களை நானே அப்படிச் செருகியிருக்கிறேன்.

"அங்க ஒரு வார்த்த வெச்சிக்கலாமா?" என்றார் அண்ணன்.

"என்ன வார்த்தை?"

"'சிரிச்சது நெஜம்டா'ன்னு."

"அண்ணே, இது ராஜாமணிய வீட்டுக்கு வழி சொல்லிக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு?"

"தெரியும்."

"வந்துட்டான்னா?"

"வந்துடுவானோன்னு பயமா கீது. வராமயே பூட்டான்னா, அது இன்னும் பயமா கீது."

எழுதிக் கொடுத்தேன். ஒப்புதலுக்கு அனுப்பியபோது தமிழ் தெரியாத ஒரு புண்ணியவான் சரி என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

படம் வெளியான பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. ஏதாவது சாக்கு வைத்து தினமும் அண்ணனை அழைப்பேன். எதற்கு டென்ஷன் என்பதை ஹைதராபாத் பாணியில் "கைக்கு டென்ஷன், கலா?" என்று கேட்டு என்னைக் கிண்டல் செய்வார். வீட்டுக் கதவுக்குப் புதிதாக இன்னொரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார் என்பதை ஷீலா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திருட்டு பயம் அதிகமாகிவிட்டது என்று அவளிடம் காரணம் சொன்னாராம்.

வாரங்கள் போயின. ராஜாமணி வரமாட்டார் என்று நான் நம்பத் தொடங்கிய சமயத்தில் வந்தார். பாலாநகர் ஸ்டூடியோவின் வரவேற்பறையில், வெளுத்த சட்டை போட்ட ஒரு முதியவர். படத்தின் முடிவில் ஓடும் எழுத்துகளில் எங்கள் ஸ்டூடியோவின் பெயரைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"போலீஸ்காரனுக்குப் பேசினது யாரும்மா?"

"அவர் சென்னைக்காரர். இங்க இல்ல" என்றேன். என் பொய் எனக்கே கேவலமாக இருந்தது.

"நான் அவனை அடிக்க வரல. ராஜாமணி வந்தான்னு மட்டும் சொல்லு" என்று ஒரு கைப்பேசி எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். அடிக்க வரவில்லை என்றதை நான் நம்பவில்லை. மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அது என் பயம், முடிவு செய்ய வேண்டியவர் அண்ணன். சொன்னேன். "ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல இரானி ஓட்டலுக்கு வரச் சொல்லு. வூட்டுக்கு நக்கோ" என்றார் அண்ணன்.

கூட்டமான மதிய வேளையாகப் பார்த்துத்தான் வரச் சொன்னோம். நான் பக்கத்து மேசையில், கைப்பேசியில் போலீஸ் எண்ணைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராஜாமணி வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

"கெழவனாயிட்டே."

"நீயும்தான்."

"ஜெயில்ல அத்தனை பேரும் என்னை முட்டாள்னாங்க. போலீஸ்காரன் நடிக்கிறதுகூடத் தெரியலயாடான்னாங்க. எம் பொண்டாட்டி சாகற வரைக்கும் அதையே சொன்னா. நான் ஒருத்தன்தான் இல்லடா, அவன் நெஜமா சிரிச்சான்டான்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் எடுத்தது மூக்குக்கண்ணாடி. நிதானமாக மாட்டிக்கொண்டு அண்ணனை உற்றுப் பார்த்தார்.

"படத்துல முதுகக் காட்டிக்கிட்டுச் சொன்னே. இப்ப மூஞ்சியக் காட்டிச் சொல்லு."

அண்ணன் அவர் கண்ணைப் பார்த்தார். "சிரிச்சது நெஜம்டா, ராஜாமணி."

"புடிச்சுக் குடுத்தது?"

அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். உத்தியோகம், மேலதிகாரி, நகையைப் பறிகொடுத்த பெண்கள் என்று எத்தனையோ இருந்தன. சொல்லுங்கண்ணே, சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"அதுவும் நெஜம்" என்றார்.

ராஜாமணி கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்து, ஸ்டேஷன் கூட்டத்துக்குள் நடந்து போனார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மறுபடி வருவேன் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் என் பயம் கடைசிவரை தீரவில்லை. ஷீலாவிடம் அப்படிக் கேட்டதும் அதனால்தான். அண்ணனுக்கும் வாசலைப் பார்த்து உட்காரும் பழக்கம் போகவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தாழ்ப்பாளை அவரே கழற்றிவிட்டதாக ஷீலா சொன்னாள்.

அவர் பாடிய கீர்த்தனைகள் சபையாரிடம் இருக்கின்றன. அவர் சிரித்த சிரிப்பு படத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் போட்டுக் கேட்கலாம். "அதுவும் நெஜம்" என்று சொன்னபோது அந்தக் கனத்த குரல் உடைந்து, அரை மூச்சாகத்தான் வெளியே வந்தது. அங்கே மைக் இல்லை. கேட்டவர்கள் இரண்டே பேர். ராஜாமணி தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பங்கு என்னிடம் இருக்கிறது.