ஒற்றை நட்சத்திரப் பதிப்பு

"ஈரக் கையோட பேப்பரைத் தொடாதீங்கன்னு எழுதியே ஒட்டியிருக்கேன். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கதானே பழைய பேப்பர் பாக்க வர்றீங்க?"

பசையக்கா இதைச் சொல்லாத நாள் கிடையாது. கேட்க ஆள் இல்லாவிட்டால் மேசை விசிறியைப் பார்த்தாவது சொல்லிவிடுவாள்.

நாளிதழ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், பின்பக்கம், பழைய இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் அறை அவளுடையது. மாதத்துக்கு ஒரு தொகுப்பு, கெட்டி அட்டை போட்டுக் கட்டியது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். அறைக்கு நேர்மேலே மூன்றாம் மாடியின் கழிப்பறை. கழிப்பறைக்குக் கீழே ஊரின் வரலாற்றைக் கொண்டுவந்து வைத்த புத்திசாலி யார் என்று அவளும் முப்பத்தொரு வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். யாரும் பொறுப்பேற்கவில்லை. குழாய் மட்டும் மழைக்கு மழை ஒழுகுகிறது. நனைந்ததைக் காயவைத்து, கிழிந்ததை ஒட்டி, மறுபடி அடுக்குவதுதான் அவள் வேலை. மைதாவில் கஞ்சி மாதிரி பசை காய்ச்சுவாள். பூச்சி அண்டாமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். அந்த நீலம் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை. பெயரும் அப்படித்தான் வந்தது.

வியாழக்கிழமை பத்து முதல் ஒன்று வரை யார் வேண்டுமானாலும் வந்து பழைய இதழ் பார்க்கலாம். அப்பா இறந்த தேதி தேடி வருவார்கள், வீட்டுமனை விளம்பரம் தேடி வருவார்கள். ஒருமுறை நரைத்த மீசைக்காரர் ஒருவர் தன் பள்ளி இறுதித் தேர்வு முடிவைத் தேடி வந்தார். மனைவி நம்ப மாட்டேன் என்கிறாளாம். பசையக்கா பக்கத்தைப் பிரித்து விரலை ஓட்டினாள்.

"உங்க நம்பர் இல்லையே."

"அச்சுல விட்டுப்போயிருக்குமோ?"

"பேப்பர்ல வந்தது வந்ததுதான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தி அந்தம்மாகிட்ட பாஸாயிட்டீங்கள்ல? அதைச் சொல்லுங்க வீட்டுல."

'பேப்பரில் வந்தது வந்ததுதான்' என்பது அவளுடைய மாமா சொல்லித்தந்த வாக்கியம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதே நாளிதழில் நிருபராகச் சேர்ந்து, செய்தி ஆசிரியராகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர். அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான். எல்லோரிடமும் அந்த வாக்கியத்தை அழுத்திச் சொல்கிற பசையக்கா, ஒரே ஒரு தேதிக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டாள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய நவம்பர் பதினெட்டு.

அதற்கு முதல் நாள் மாலையில்தான் ஊருக்கு மேலே இருக்கும் பெரிய ஏரியைத் திறந்துவிட்டார்கள். பள்ளத்தில் இருந்த நான்கு தெருக்களில் தண்ணீர் புகுந்து நாற்பத்தொரு பேர் போனார்கள். மறுநாள் காலை நாளிதழில் கொட்டை எழுத்தில் வந்தது: 'மதகுக் காவலரின் அலட்சியம். உத்தரவு இல்லாமல் ஷட்டர் திறப்பு.' அந்த மதகுக் காவலர் அவளுடைய அப்பா. அவளுக்கு அப்போது பத்து வயது.

அப்பாவுக்கு வேலை போனது, தெருவில் காறித் துப்பினார்கள், கடைக்காரன் சாமான் கொடுக்க மாட்டேன் என்றான். ஊரின் மறுகோடிக்குக் குடிமாறினார்கள். சாகிறவரை அப்பாவுக்கு ஒரே பேச்சு. "மேலேருந்து உத்தரவு வந்துது. பள்ளத்து ஜனங்களை வெளியேத்துங்கன்னு நான் ரெண்டு தடவ போன் பண்ணினேன். ரெண்டு தடவ." விசாரணையில் தொலைபேசிப் பதிவேட்டைக் கேட்டதற்கு, வெள்ளத்தில் நனைந்து போச்சு என்றார்கள். சாட்சி இல்லாதவன் பேச்சு யார் காதில் ஏறும்? "என் மச்சான் மட்டும் அன்னிக்கு ஆபீஸ்ல இருந்திருந்தா இப்படி எழுத விட்டிருப்பானா?" என்பார். மாமாவும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நான் அன்னைக்கு லீவுல போய்த் தொலைஞ்சேனே அத்தான்" என்று தலையில் அடித்துக்கொள்வார். அம்மா உடனே இன்னொரு கரண்டி வைப்பாள்.

இந்த வருடம் அக்டோபர் கடைசியில் புது ஆசிரியர் அறைக்கு வந்தார். வயதில் அவளுடைய மகன் மாதிரி.

"அக்கா, வெள்ளத்துக்கு அம்பது வருஷம் ஆகுது. அன்னைக்கு வந்த செய்தியை அப்படியே ஒரு முழுப் பக்கம் போடப் போறோம். நவம்பர் தொகுப்பை ஸ்கேன் பண்ண அனுப்புங்க."

மதகுக் காவலர் அவளுடைய அப்பா என்று அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

தொகுப்பை இறக்கினால் முன்னட்டை ஊறி உப்பிக் கிடந்தது. கழிப்பறைக் குழாயின் கைங்கரியம். அந்த நிலையில் ஸ்கேனுக்கு அனுப்பினால் முதுகு பிய்ந்துவிடும். அட்டையைப் பிரித்து வேறு போட வேண்டியதுதான். அந்தக் காலத்து பைண்டர் கடையில் அட்டை வாங்குகிற ஆள் இல்லை. வெளியூரிலிருந்து விற்காமல் திரும்பி வரும் இதழ்களை எட்டு, பத்து தாளாக ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, கல்லை ஏற்றிக் காயவைத்து, அதையே அட்டையாக்கிவிடுவார். பசையக்கா மின்கெட்டிலின் ஆவியில் அட்டையைக் காட்டி, மழுங்கிய கத்தியால் ஒவ்வொரு தாளாக உரித்தாள்.

நான்காவது தாளில் தேதி கண்ணில் பட்டது. நவம்பர் பதினெட்டு. தலைப்புக்குப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம்.

வெளியூருக்கு லாரியில் போகிற முதல் பதிப்புக்கு ஒரு நட்சத்திரம். நேரம் கழித்து அச்சாகி நகரத்துக்குள் விற்கிற பதிப்புக்கு மூன்று. தொகுப்பில் கட்டி வைப்பது மூன்று நட்சத்திரத்தை மட்டும்தான். ஒற்றை நட்சத்திரத்தை ஊருக்குள் யாரும் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

அதில் தலைப்பு வேறாக இருந்தது. 'தலைமைப் பொறியாளர் உத்தரவுப்படி ஏரி திறப்பு. எச்சரிக்கை இல்லாததால் பலர் பலி.' கீழே இப்படி இருந்தது: 'பள்ளப் பகுதி மக்களை வெளியேற்றும்படி மதகுக் காவலர் மூன்று பத்துக்கும் நான்கு இருபத்தைந்துக்கும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டது, நீர்வாரிய அலுவலகப் பதிவேட்டை நாம் நேரில் பார்த்தபோது தெரியவந்தது.'

பசையக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ரெண்டு தடவ, ரெண்டு தடவ என்று சொல்லியே செத்த மனுஷன். நேரம்கூட அச்சில் இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, செய்தியின் தலைமாட்டில் எழுதியவர் பெயரைப் பார்த்தாள்.

மாமாவின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாளா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. மாமா வீட்டுக்குத்தானே போகிறாள், காவல் நிலையத்துக்கா?

மாமாவுக்கு எழுபத்தாறு வயது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் காலை இதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க பேரு முதல்ல எப்ப பேப்பர்ல வந்துது?"

"ஃபுட்பால் ஃபைனலுக்கு. நூறு தடவ சொல்லியிருக்கேனே."

"அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே வந்திருக்கு மாமா."

தாளை அவர் மடியில் வைத்தாள். மூக்கில் கண்ணாடி இருக்கும்போதே சட்டைப் பையில் கண்ணாடி தேடினார். படித்தார். கரண்டு பில்லைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே ஒரு பார்வை.

"எங்கேருந்து கிடைச்சுது?"

இது என்ன என்று கேட்டிருந்தால்கூட அவள் மனது கொஞ்சம் ஆறியிருக்கும். எங்கிருந்து என்றார்.

"லீவுன்னு சொன்னீங்களே மாமா."

"முதல் பதிப்பு போனப்புறம் மேலேருந்து போன் வந்துதும்மா. அந்த இன்ஜினியர் முதலாளிக்கு வேண்டப்பட்டவர். மாத்துன்னாங்க. நான் மாத்தலன்னா இன்னொருத்தன் மாத்தியிருப்பான்."

"மாத்தியிருக்கட்டும். அவன் எவனோ. அவன் வந்து எங்கம்மா கையால சோறு வாங்கித் தின்னிருக்க மாட்டான்."

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. வேலையில சேந்து ஒரு வருஷம்கூட ஆகல. உங்கப்பாவுக்கு எப்படியும் வேலை போயிருக்கும்."

"வேலை போனதுக்கா அழுதாரு? தெருவுல தலை நிமிந்து நடக்க முடியலன்னு அழுதாரு. நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"அந்த உறுத்தல்லதான உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்!"

"நல்ல வேலை. நீங்க எழுதின பொய் கிழியாம பசை தடவிப் பாத்துக்கற வேலை."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்தார். "பக்கம் வர்றதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. நானே ஆசிரியர்கிட்ட போறேன். நானே எழுதினேன், நானே மாத்தினேன்னு என் வாயாலயே சொல்றேன். நீ சொன்னா மகள் சொல்றான்னு போயிடுவாங்க. நான் சொன்னாத்தான் எடுபடும். இதை வெச்சுட்டுப் போம்மா."

முதலாளியே வந்து கேட்டாலும் ரசீதில் கையெழுத்து வாங்காமல் ஒரு துண்டுத் தாளைக்கூட வெளியே விடாதவள் பசையக்கா. முப்பத்தொரு வருடத்தில் ரசீது இல்லாமல் அவள் கொடுத்த ஒரே தாள் அதுதான். மாமா ஆயிற்றே.

பத்து நாளும் அவள் பசையை அடிப்பிடிக்க விட்டாள். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்துக்கொண்டாள். கணவரிடம்கூட, "பதினெட்டாம் தேதி பேப்பர் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பதினெட்டாம் தேதி முழுப் பக்கம் வந்தது. மூன்று நட்சத்திரம். 'மதகுக் காவலரின் அலட்சியம்' என்று பழைய தலைப்பை இன்னும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அப்பாவின் பெயரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம் வேறு. முன்பு நகரத்தோடு நின்ற செய்தி, இந்த முறை எல்லா ஊருக்கும் போய்விட்டது.

மாமாவுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பேப்பர் என்ன ஆச்சு மாமா?"

"பழசில்லையாம்மா. கையில எடுத்தேன், அப்படியே உதிர்ந்துடுச்சு."

யாரிடம் சொல்கிறார்! பசையில் ஊறிய தாள் கிழியுமே தவிர உதிராது. அடுப்பில் போட்டால்கூட மயில்துத்தம் முதலில் பச்சையாகத்தான் எரியும். பசையக்கா போனை வைத்தாள்.

ஆசிரியர் அறைக்குப் போனாள். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்கக்கா. உங்க மாமா வந்து எல்லாம் சொன்னார். மதகுக் காவலர் உங்க அப்பாவாமே, எனக்குத் தெரியாது, மன்னிச்சிடுங்க. அந்தச் சம்பவத்துலேருந்து உங்களுக்கு அப்பப்ப மனசு சரியில்லாமப் போகுமாம். எதையாவது கொண்டுவந்து காட்டினா பெரிசா எடுத்துக்க வேணாம்னு கேட்டுக்கிட்டார். லீவு வேணும்னா எடுத்துக்கங்கக்கா."

அப்பாவைப் பொய்யனாக்கியவர், மகளைப் பைத்தியமாக்கிவிட்டார். அதுவும் எவ்வளவு பரிவோடு! பசையக்கா அழவில்லை. "எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. இடுப்புதான் வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

தொகுப்புக்கு முன்னட்டை ஒன்றென்றால் பின்னட்டையும் ஒன்று உண்டே. ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து உருவிய தாளில்தானே பைண்டர் இரண்டையும் செய்திருப்பார்? கெட்டிலைப் போட்டாள். மூன்றாவது தாள் வெறும் விளம்பரம். ஐந்தாவது, நவம்பர் பதினெட்டு, ஒற்றை நட்சத்திரம். ஏழாவதும் அதேதான்.

இந்த முறை ரசீது எழுதி, போனில் படமும் எடுத்துக்கொண்டுதான் ஆசிரியரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது. முதலாளியைப் பார்க்க மாடி ஏறினார். இறங்கி வந்தபோது அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை.

"உண்மைதான்க்கா. ஆனா இப்ப போட முடியாது."

"எப்ப போட முடியும்?"

அவர் மேசை மேலிருந்த குண்டூசிகளை ஒழுங்குபடுத்தினார். அந்தத் தொகுப்பு ரொம்பப் பழுதாகிவிட்டதாம். உரித்த தாள்களோடு சேர்த்து ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்கு அனுப்பச் சொல்லி உத்தரவாம். கிடங்குக்குப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அங்கே எலிகள்தான் வாசகர்கள்.

ஆனால் அலுவலகத்தின் விதிப் புத்தகத்தை அவர்களைவிட அவள் நன்றாகப் படித்திருக்கிறாள். வருடத்துக்குப் பத்து வாசகர்களாவது கேட்டுப் பார்த்த தொகுப்பைக் கிடங்குக்கு அனுப்பக் கூடாது. கேட்டவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஊழியர்களின் உறவினர் கையெழுத்து செல்லாது. அடுத்த மாதக் கடைசிக்குள் பத்து பேர். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர்.

மாமா இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். அவள் கதவைத் திறக்கவில்லை. காபி போடவும் இல்லை.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வியாழக்கிழமை ஒழிகிறதோ அந்த வியாழக்கிழமை போய் அவளைப் பாருங்கள். நாளிதழ் அலுவலகம், இரண்டாம் மாடி, பின்பக்கம். லிஃப்ட் வேலை செய்யாது. ஆறுதல் எல்லாம் சொல்ல வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய நவம்பர் தொகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பாள். அவசரப்படாமல் படித்துவிட்டு, பதிவேட்டில் உங்கள் பெயரைப் புரிகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் ஏழு பேர் வேண்டும்.