பூசைக்கு முன் மாற்றிய கம்பைலர்

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கணினியையும் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். முதல் நாள் அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்போம். விஜயதசமி காலை வரை தொடமாட்டோம். கடந்த வருடம் நான் துடைப்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தக் கணினி என் மனைவியுடையது. அவள் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திதி கணிக்க அவளே ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறாள். கண்டியில் திங்கட்கிழமை வரும் திதி கனடாவில் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடலாம். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள், தாய் தகப்பனின் திவசம் தங்கள் ஊரில் எந்த நாள் என்று அவளைத்தான் கேட்பார்கள்.

அந்த வருடம் அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. டவுணிலிருந்து வந்த பஸ்ஸில், எங்கள் வீடு இருக்கும் மஹய்யாவையில் இறங்காமல் வெகுதூரம் தள்ளி அக்குறணை வரை போய்விட்டு ஓட்டோவில் திரும்பி வந்தாள். வாசலில் சிரித்தாள். மூளைக்கு வேலை கொடுக்கச் சொன்னார் வைத்தியர். அவளுக்கு இருந்த வேலை இந்த நிரல்தான்.

“கணினியில கை வைக்காதீங்கோ. தூசியை மட்டும் தட்டுங்கோ” என்று பூசைக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் பொறியியல் படிப்பித்தவன். அதனுள் இருந்த லினக்ஸும் கம்பைலரும் மிகப் பழையவை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பைலர் என்பது எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது. அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் எல்லாவற்றையும் புதிதாக்கினேன். பழையதை அழித்தேன். பிறகு பொட்டு வைத்தேன்.

விஜயதசமி காலையில் முதல் வேலையாக என் தங்கைக்கு நாள் பார்க்க உட்கார்ந்தாள். தங்கை ரொறொன்ரோவிலிருந்து கல்கரிக்கு வீடு மாறியிருந்தாள். எங்கள் அம்மாவின் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. புது ஊரைச் சேர்த்து நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். செய்தாள். திரை நிறையப் பிழைகள். சூரியன், சந்திரன் நிலைகளைக் கணிக்க அவள் வருடக்கணக்காகப் பயன்படுத்தி வந்த பகுதிகள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, அப்படி ஒன்று கிடையாது என்றது கணினி.

“இஞ்சாருங்கோ, இதில ஏதும் செய்தனீங்களே?”

“தூசிதான் தட்டினனான்.”

சொல்லிவிட்டுத்தான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரின் நடுவிலும் புதுக் கம்பைலர் தானாகச் செருகிய ஒரு சிறு துண்டு இருந்தது. கோள்நிலைப் பகுதிகள் பழைய கம்பைலரில் தயாரானவை. அவற்றில் அந்தத் துண்டு இல்லை. அதனால் புதியதற்குப் பழையதை அடையாளம் தெரியவில்லை. அவளுடைய நிரலில் ஒரு பிழையும் கிடையாது. அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவள் வெளியே போகும்போது சத்தமில்லாமல் சரிசெய்து விடலாம் என்று நினைத்தேன்.

அவள் வெளியே போகவே இல்லை. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். தானே வைத்த பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் தங்கை போன் எடுத்தபோது நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

“என்ன மச்சாள், நாள் பாத்தாச்சோ?”

“எனக்கு இனி ஏலாது போல இருக்கு. பேரெல்லாம் மறந்து போச்சு. அங்க ஐயரிட்டைக் கேளும்.”

போனை வைத்துவிட்டுக் கணினியைத் துணியால் மூடினாள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “நான்தான் கம்பைலரை மாத்தினனான். உமக்கு ஒண்டும் மறக்கேல்லை” என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “என்னைத் தேற்றுறதுக்குப் பொய் சொல்லாதீங்கோ. பாவம் நீங்கள்.”

அவளுடைய அந்தப் பரிவுதான் என்னை அதிகம் சுட்டது. பொய்யை நம்பியவள் உண்மையை நம்பவில்லை. திரையில் அந்தத் துண்டுகளைக் காட்டினேன்; தலையாட்டினாள், நம்பவில்லை. பழைய கம்பைலரைத் தேடி இறக்கி மறுபடி பொருத்தினேன். பூசைக்கு முன் அவள் தனியே பிரதி எடுத்து வைத்திருந்த, பெயர்கள் மாறாத நிரலைத் திறக்கச் சொன்னேன். நான் தொட்டால் திருத்திவிட்டேன் என்று நினைப்பாள் என்பதால் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

“நீரே அடியும்.”

கல்கரியைச் சேர்த்தாள். கம்பைல் செய்தாள். ஒரு பிழையும் வரவில்லை. திதி வந்தது, நாழிகையோடு.

திதியை வாய்விட்டு வாசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நேற்றுக் கேக்கேக்குள்ள தெரியுமோ உங்களுக்கு?”

“கேக்கேக்குள்ள தெரியாது. உடனே தெரிஞ்சிட்டுது.”

“தெரிஞ்சும், நான் மூளை குழம்பின விசரி எண்டு என்னை நினைக்க விட்டனீங்கள்.”

“ஓம்.”

உடனே தங்கைக்குப் போன் எடுத்தாள். “உம்மட கொண்ணர் பெரிய இஞ்சினியர் எல்லே, தூசி தட்டினவராம்! திவச நாளை எழுதிக்கொள்ளும்” என்று தொடங்கி, நாள் சொல்லி முடிக்கும்வரை என்னைத் திட்டித் தீர்த்தாள். அந்தக் குரலை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. அன்று எனக்குத் தேநீர் தரவில்லை. நானே போட்டுக் குடித்தேன்.

மறதி இன்னும் இருக்கிறது. சில சமயம் கூடுகிறது. இப்போது வீட்டில் ஏதாவது பிழைத்தால் என் முகத்தைப் பார்த்து ஒன்றுதான் கேட்பாள்: “நீங்களோ, நானோ?” உடனே பதில் சொல்ல வேண்டும். என்னுடையது என்றால் அது எளிது. போன கிழமை அவள் அடுப்பில் வைத்து மறந்த பால் பொங்கி வழிந்து கருகிக் கிடந்தது. கேட்டாள். நான்தான் என்று சொல்ல நா எழுந்தது.

“நீர்தான்” என்றேன்.

அடுப்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “சரி. நீங்கள் துடையுங்கோ” என்று துணியை என் கையில் தந்தாள்.