வெண்ணெய்க் கண்ணனின் முதுகுப்பக்கம்

நான் வேலை பார்க்கும் மியூசியத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளை வந்தவுடன் திறக்க மாட்டோம். ஒரு நாள் முழுக்க அவை அறையில் சும்மா நிற்க வேண்டும். உள்ளிருக்கும் மரமும் துணியும் இந்த ஊர்க் காற்றுக்குப் பழகிய பிறகுதான் திருகாணியில் கை வைக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெட்டி வந்தபோது, எங்கள் தலைவி ஊட்டா என் பக்கம் கையைக் காட்டி "ஸீ முஸ் ரூஹன்" என்றார். அவள் ஓய்வெடுக்க வேண்டும் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் பெட்டி பெண்பால் என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, எனக்குக் களைப்பாக இல்லை, நன்றி என்றேன். ஊட்டா என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற பெட்டியைப் பார்த்தார்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டிய படத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் அந்தப் படத்தை மேசையில் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு கீறலையும் அளந்து எழுதுவோம். படத்தோடு கூட வந்தவரும் நாங்களும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் எந்தச் சேதம் யாரால் வந்தது என்று சண்டை வரக் கூடாது அல்லவா? இந்த நாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்த வழக்கம்தான். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் சேதத்தை எழுதி வைக்க மாட்டார்கள். யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார்கள்.

போன வருஷம் தென்னிந்திய ஓவியங்களுக்கென்று ஒரு கண்காட்சி ஏற்பாடானது. வரப்போகும் படங்களின் பட்டியலில் ஒரு வரி இருந்தது: வெண்ணெய்க் கண்ணன், மரப்பலகை, தங்கத் தகடு, உறையூர்க் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். உடன் வருபவர், படத்தைச் சீர்செய்த நிபுணர் வரதராஜன், ஸ்ரீரங்கம். தொடக்க விழாவில் அவர் பேசவும் போகிறார். அந்தப் படத்தை எனக்குத் தெரியும் என்று அன்றைக்கே ஊட்டாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு, தேர்த் திருவிழாவுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வரதராஜனிடம்தான் வேலை பார்த்தேன். வடக்குச் சித்திரை வீதிக்குப் பக்கத்தில் அவருடைய கலைக்கூடம். பொன்மலையிலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். உறையூர்க்காரர்கள் கொண்டு வந்த இந்தக் கண்ணனுக்கு உதிர்ந்த கற்களை நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை சீக்கிரம் காயட்டும் என்று வரதராஜன் படத்தை எடுத்துப்போய் மொட்டைமாடி வெயிலில் வைத்தார்.

"வெயில் ஆகாதுங்க சார், பலகை தாங்காது" என்றேன்.

"நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்மா."

மத்தியானத்துக்குள் பலகை கண்ணனின் தோளிலிருந்து முட்டிவரை பிளந்துவிட்டது. அவர் உறையூர்க்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். கூடவே என் அப்பாவுக்கும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். பாதி ஷிஃப்டில் கிளம்பி, அந்த நீலச் சட்டையோடேயே வந்து நின்றார். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். எல்லோர் முன்னாலும் வரதராஜன் என்னைக் காட்டினார். "வேதக்காரப் பொண்ணு. சாமி படத்தை எப்படித் தொடணும்னு வீட்ல சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. உள்ள விட்டது என் தப்பு."

"நான் பண்ணலப்பா" என்றேன்.

"சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு, அப்பா கை இரண்டையும் கூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிளவை ஒட்டவும் அவருக்கு நான்தான் வேண்டியிருந்தது. நாலு நாள் உட்கார்ந்து ஒட்டினேன். பின்பக்கத்தைப் பழுப்புக் காகிதம் போட்டு மூடுவதற்கு முன், பென்சிலால் பலகையிலேயே மூன்று வரி எழுதினேன். ஐந்தாம் நாள் என்னை நிறுத்திவிட்டார். ஸ்ரீரங்கத்திலும் மலைக்கோட்டை வீதிகளிலும் நான் போய்க் கேட்ட எந்தக் கடையிலும் வேலை இல்லை என்றார்கள். எனக்கு முன்னாலேயே அவர் சொல் போய்ச் சேர்ந்திருந்தது. படிக்க இடம் கிடைத்ததும் ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன். ஓடிப்போனேன் என்று சொன்னாலும் சரிதான்.

பெட்டி திறக்கும் அன்று, புதுக் குளிர்கோட்டுக்குள் சந்தன நிற ஜிப்பாவோடு வந்தார். தலை நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் திடுக்கிடுவார் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சிலோனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பொன்மலை."

"அட, நம்ம ஊரு. என்கிட்டகூடப் பொன்மலைப் பொண்ணு ஒண்ணு வேலை பாத்துச்சு. இதே படத்தைத்தான் பிளந்து வச்சுட்டுப் போயிடுச்சு. அப்புறம் நான் உக்காந்து சரி பண்ணினேன்."

பொய்யைவிட என்னை அடித்தது, என் முகம் அவருக்கு ஞாபகமே இல்லை என்பது. ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தவர் அவள் முகத்தையாவது வைத்துக்கொண்டிருக்க வேண்டாமா?

முன்பக்கம் முடிந்தது. பின்பக்கத்தில் காகிதம் ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. பலகையைப் பார்க்க வேண்டும், பிரிக்கலாமா என்று ஊட்டா கேட்டார். "தாராளமாக. எல்லாம் என் கைவேலை" என்று வரதராஜன் ஆங்கிலத்தில் சொன்னார். லேசாக ஈரம் காட்டி, மெல்லிய தகட்டை உள்ளே நுழைத்தேன். நான் காய்ச்சிய மைதாப் பசைதான். அடம் பிடிக்காமல் விட்டது. எழுத்து துளியும் அழியவில்லை.

என்ன எழுதியிருக்கிறது என்று ஊட்டா கேட்டார்.

"நீங்களே படிங்க சார்" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு, "யாரோ தச்சர் பெயர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊட்டா என் பக்கம் திரும்பினார். நான் ஒவ்வொரு சொல்லாக ஜெர்மனில் சொன்னேன். வரதராஜன் சார் மாடி வெயிலில் வைத்ததால் பலகை பிளந்தது. நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒட்டியது ஜெசிந்தா, பொன்மலை.

இங்கே என்னை யெஸிந்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊட்டாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. என்னை அறைக்கு வெளியே அழைத்துப்போய், முதல் நாளே சொல்லாதது பெரிய தவறு என்றார். என் கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஏறும் என்றார். ஏறட்டும் என்றேன். பிறகு உள்ளே போய் அந்த மூன்று வரிகளையும் அப்படியே அறிக்கையில் சேர்த்தார். வரதராஜன் கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு முறை நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஊட்டா நகர்ந்ததும் வரதராஜன் என்னிடம் வந்தார். "அந்நிய தேசத்துல நம்ம ஆளை இப்படிக் காட்டிக் குடுக்கலாமாம்மா?"

"உங்க முன்னாடி எங்கப்பா கைகூப்பி நின்னாரு சார். அன்னிக்கு நாங்க நம்ம ஆளா இல்லையே."

அப்பா இப்போது குடியிருக்கும் எடமலைப்பட்டி புதூரில் அது சாயங்கால நேரம். வீடியோவில் கூப்பிட்டு, போனை வரதராஜன் கையில் கொடுத்தேன். "சொல்லுங்க சார்."

வரதராஜன் போனை முகத்துக்கு நேரே பிடித்தார். அன்றைக்கு நடந்தது தன் தப்பு என்று சொன்னார். எதிர்ப்பக்கம் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது திரையில் தெரிந்தது. "அதெல்லாம் எப்பவோ போச்சுங்க சார். அங்க ரொம்பக் குளிராமே, சாப்பிட்டீங்களா?" என்றார்.

அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபம் வரதராஜன் மேல்கூட வந்ததில்லை. அவர் எழுந்து நின்றதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அதனால், அவருக்கும் சேர்த்து மிச்சத்தை நானே செய்தேன். அறிக்கையின் நகல் படத்தின் சொந்தக்காரர்களுக்கு எப்படியும் போகும், ஜெர்மனில். யாரும் கேட்காமல் நானே உட்கார்ந்து அதைத் தமிழிலும் எழுதிக் கூடவே வைத்தேன். உறையூரிலிருந்து பெரியவர் ஊட்டாவுக்கே கடிதம் போட்டார். படத்தை இனி வரதராஜனிடம் தர வேண்டாம், தங்கள் வீட்டு ஆள் வந்து பெற்றுக்கொள்வார் என்று. விழாவில் வரதராஜனின் பேச்சும் இல்லாமல் போனது. பயணத் தேதியை மாற்றிக்கொண்டு, கண்காட்சி திறக்கும் முன்பே கிளம்பிவிட்டார்.

படத்துக்குப் பக்கத்தில் வைத்த அட்டையில், சீர்செய்தவர் பெயரைப் பலகையில் இருந்தபடியே போட்டார்கள்: ஜெசிந்தா, பொன்மலை. திறப்பு நாளில் வயதான ஒரு ஜெர்மன்காரி அதைப் படித்துவிட்டு, என்னைத் தேடி வந்து கைகுலுக்கினார். "நல்ல வேலை, ஃப்ராவ் பொன்மலை" என்றார். பொன்மலை என் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார். அது ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இப்போது மியூசியத்தில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்பாவோடு ஒன்றரை மாதம் பேசாமல் இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். பேச்சு நடுவில் அப்பாவின் வாசலில் யாரோ சிலிண்டரை இறக்கும் சத்தம். "ஐயா, ஜெர்மனிக்காரி வீடு இதானே?" என்று ஓர் ஆள் கேட்டான்.

"ஆமாப்பா, இதான்" என்றார் அப்பா.